பன்னிரண்டாவது மரம்

குசினி மேசையில் ஒரு கட்டுத் தாள்களை வைத்துவிட்டு, “கடைசிப் பக்கத்திலை மட்டும் கையெழுத்து வைச்சால் காணும், அம்மா” என்றாள் மகள். பிள்ளைகள் ‘மட்டும்’ என்று சொன்னால் மற்றப் பக்கங்களை ஒன்றுவிடாமல் வாசிக்க வேண்டும். இது நான் பட்டறிந்தது.

ஆரணிக்கு அப்போது பதினாறு வயது. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, ரி-பான் ரயிலில் நின்றபடியே நாங்கள் இருக்கும் குரோருட்டுக்கு வந்து, தேத்தண்ணீரோடு அப்போதுதான் கதிரையில் இருந்தேன். மே மாதம். எதிர்க் கட்டடத்துப் பல்கனிகளில் நோர்வேக்காரர் வெறும் மேலோடு வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார்கள். எங்கள் யன்னலில் திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவளுடைய முகம் மாறியது. அதை நான் வேறுவிதமாக விளங்கிக்கொண்டேன்.

காட்டுக்குள் மூன்று நாள்

தாள்கள் ‘லைவ்’ என்ற விளையாட்டைப் பற்றியவை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிள்ளைகள் கூடி ஒரு மந்திர உலகத்தைக் கற்பனை செய்வார்கள். அதற்குச் சட்டதிட்டம் எழுதுவார்கள். பழங்காலத்து உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று நாள் காட்டுக்குள் அந்த உலகத்து ஆட்களாகவே வாழ்வார்கள். மேடை இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை. “அப்ப ஆருக்கு நடிக்கிறியள்?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒருத்தருக்கும் இல்லை” என்றாள். இரண்டு வருஷமாகப் பகலில் மட்டும் போய்வந்தவள், அந்த வருஷம் இரவிலும் தங்கப் போகிறாள். பதினெட்டு வயதாகாதபடியால் தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும்.

நான் என்ன தேடி வாசித்தேன் என்று தாய்மாருக்குத் தெரியும். ஆணும் பெண்ணும் ஒரே கூடாரத்திலா என்பதைத்தான். அது மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது, தனித்தனிக் கூடாரம் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்தினேன்.

அவர்களுடைய உலகத்துக்குப் பெயர் பன்னிரு வனம். பன்னிரண்டு மரங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குடி. பேர்ச் மரத்துக் குடி காயம் ஆற்றுவார்கள். பைன் மரத்துக் குடி காற்றோடு கதைப்பார்கள். ஓக் மரத்துக் குடியில்தான் அரசன். பதினொரு மரமும் இந்த நாட்டு மரங்கள். பன்னிரண்டாவது ‘இபென்ஹோல்ட்’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. கைபேசியில் தேடினேன். படம் வந்தது.

கருங்காலி.

குடிகளின் பட்டியலில் பன்னிரண்டாவது மரத்துக்கு நேரே என் மகளின் பெயர் இருந்தது. முப்பது பிள்ளைகளில் அந்தக் குடிக்கு அவள் ஒருத்திதான்.

மஞ்சளும் கடலைமாவும்

எட்டாம் பக்கத்தில் அந்த மரத்தின் உபயோகங்களை எழுதியிருந்தார்கள். தமிழில் தருகிறேன்.

இந்த மரம் இங்கே முளைப்பதில்லை. ஒரு கப்பலின் அடித்தட்டில் வந்தது. தண்ணீரில் தாழ்வதால் இதில் தோணி செய்ய முடியாது. ஆகையால் வந்தவர்கள் திரும்பிப் போகவும் முடியாது. இதில் விளக்குத் தண்டு செய்தால் பாதி வெளிச்சத்தை மரம் குடித்துவிடும். இதில் செருப்புச் செய்தால் நடப்பவரின் காலடி கேட்காது. இதில் கதவுத் தாழ்ப்பாள் செய்தால் வீட்டுக்காரரைத் தவிர ஒருவராலும் திறக்க முடியாது. இதன் முன்னால் சொன்ன சொல் அழிவதில்லை, மரத்துக்குள் போய்விடும். மரம் கனப்பது அதனால்தான்.

இதுவரை நல்லது. ஒரு மந்திர உலகத்தில் மரம் இதெல்லாம் செய்யட்டும். அடுத்த பந்தியில்தான் எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

இந்தக் குடியைச் சேர்ந்தவர் வெயிலில் நிற்கக்கூடாது. நின்றால் தாய்க்கு அவமானம். வெள்ளிக்கிழமைகளில் தாய்மார் மரத்துக்கு மஞ்சள் தூளும் கடலைமாவும் பூசித் தேய்ப்பார்கள், என்றைக்காவது வெளுக்கும் என்ற நம்பிக்கையில். விருந்தினர் வந்தால் கருமரத்துச் சாமானைப் பின் அறையில் வைப்பார்கள். படம் வரையும்போது இந்தக் குடியினர் ஓரக் கரையில் நிற்க வேண்டும்.

மஞ்சள் தூள். கடலைமா. அதுவும் வெள்ளிக்கிழமை. இதை இந்த வெள்ளைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? எங்களுடைய குளியலறைக்குள் எட்டிப்பார்த்து எழுதினமாதிரி எழுதி, அதைப் பகிடியாக்கி, என்னுடைய பிள்ளையின் தோலைப் பார்த்து அவள் கையிலேயே அந்த மரத்தையும் கொடுத்திருக்கிறார்கள். முப்பது பிள்ளைகளில் கறுத்த பிள்ளைக்குக் கறுத்த மரம். எவ்வளவு சுகமான கணக்கு.

“உதை ஆர் எழுதினது?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சேர்ந்து எழுதினதுதான்.”

“எல்லாரும் எண்டால் ஆர்?”

“அம்மா, நான் ஒண்டு சொல்லட்டோ…”

“நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். நீ வாயைத் திறக்காமல் இரு. இதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவள் அறைக்குள் போய்விட்டாள். பிள்ளை அவமானத்தில் குறுகிப் போகிறது என்றே நினைத்தேன்.

ஒரு சந்தேகம்

நம்மவர் யாரோ ஒருவர்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. என் சந்தேகம் நேரே இரண்டாம் மாடிக்கு இறங்கியது. அங்கே கோயம்புத்தூரிலிருந்து வந்த வித்யா இருந்தாள். கணினி வேலை. நல்ல பிள்ளை. ஆனால் கழுத்தில் எந்நேரமும் கருங்காலி மாலை. அந்த வருஷம் எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்து தந்திருந்தாள். “போட்டுக்கோங்கக்கா, நெகட்டிவ் எனர்ஜி எதையும் கிட்ட விடாது” என்றாள். நான் அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன்.

கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

“அக்கா, சத்தியமா நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலக்கா. ஆபீஸ்ல போய் மஞ்சள் தேய்ச்சுக் குளிக்கறத பத்தியா பேசுவேன்? எனக்கே அது இன்சல்ட்டா இருக்கு. நீங்க விடாதீங்க.”

சொல்லிக்கொண்டே மாலையைப் பிடித்துக்கொண்டாள். கருங்காலிக்கு மந்திர சக்தி உண்டென்று சொல்லி ஊரெல்லாம் விற்கிறார்கள், படித்தவர்களும் வாங்கிப் போடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளாவது தங்களுடையதை விளையாட்டு என்று ஒத்துக்கொள்கிறார்கள். இதை அவளுக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கு என் பக்கம் நிற்க ஆள் வேண்டியிருந்தது.

இவர், ஆரணியின் அப்பா, வேலையால் வந்து சாப்பிடும்போது எட்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

“நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? விளையாட்டுத்தானே” என்றார்.

“விளையாட்டிலைதான் மனசுக்குள்ளை கிடக்கிறது வெளியிலை வரும்” என்றேன்.

நான் என் வாழ்க்கையில் சொன்ன புத்தியான வார்த்தைகளில் அதுவும் ஒன்று. யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

உலக்கை

என் கோபத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் வீட்டு உலக்கை கருங்காலி. இரும்புப் பூண் போட்டது. எனக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். நோர்வேயிலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறது என்று பெரியம்மா வந்திருந்தா. மாப்பிள்ளைக்கு அனுப்ப என்னைப் படம் எடுக்க வேண்டும். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த உலக்கையையும் பார்த்துவிட்டுச் சொன்னா: “ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டினால் எது எதெண்டு தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தா. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் ரோசக்காரி என்பார்கள். அதற்குப் பிறகு கலியாணமாகிப் போகும்வரை வீட்டில் என் பெயர் உலக்கை.

ஸ்டூடியோவில் நெற்றியிலிருந்து கழுத்துவரை பவுடர் அப்பி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் நோர்வேக்கு வந்தது. பிறகு நான் வந்தேன். விமான நிலையத்தில் நான் சிரித்துக்கொண்டு கிட்டப் போக, இவர் ஒரு கணம் எனக்குப் பின்னால் வந்த பெண்ணைப் பார்த்தார். இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வார். பார்த்தார். எனக்குத் தெரியும்.

இந்தக் கதையை நான் ஆரணிக்குப் பகிடியாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தோசை சுடும்போது, தலை இழுத்துப் பின்னும்போது. அவள் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை.

கூட்டம்

அடுத்த கிழமை இளையோர் மன்றத்தில் பெற்றோர் கூட்டம். பின்னேரம் ஆறு மணி, வெளியே நடுப்பகல் மாதிரி வெயில். உள்ளே மேசையில் வாஃபலும் ஜாமும் கோப்பியும். வாஃபல் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு கூட்டமும் நடக்காது. இங்குன் என்ற பெண் அந்த விளையாட்டுக்குப் பொறுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னல் சட்டை, மெல்லிய குரல்.

கூடாரம், தண்ணீர், நுளம்புக் கடி, எல்லாம் சொல்லி முடித்து, “கேள்விகள் உண்டா?” என்றாள். நான் எழும்பினேன். ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கையை உதறினேன்.

எட்டாம் பக்கத்தை உரத்து வாசித்தேன். மஞ்சள் தூள், கடலைமா, பின் அறை, ஒன்றையும் விடவில்லை. என் நோர்வேஜிய மொழியில் பிழைகள் உண்டு. ஆனால் கோபம் வந்தால் சரளமாக வரும்.

“இருபத்தைந்து வருஷமாக உங்களுடைய தாய் தகப்பன்மாரைக் குளிக்க வார்த்துச் சாப்பாடு தீத்துகிறேன்” என்றேன். “அவர்களில் சிலர் என் கை படக்கூடாது என்று சொன்னதும் உண்டு. நான் வாய் திறந்ததில்லை. ஆனால் என்னுடைய பிள்ளையின் தோலைப் பார்த்து அவளுக்கு இந்த மரத்தைக் கொடுத்தால் திறப்பேன். எங்களுடைய வீட்டுப் பழக்கத்தைப் பகிடி பண்ண உங்களுக்கு யார் உரிமை தந்தது? இதை எழுதினவர் ஆர்? எழும்பி என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.”

ஒருவரும் வாஃபலைத் தொடவில்லை. ஒரு தகப்பன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்குனின் கழுத்து சிவந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

“ஒவ்வொரு குடியையும் அதில் விளையாடுபவரே எழுதுவார்” என்றாள் மெதுவாக. “எழுதியவர் விரும்பினால் சொல்லலாம். நான் பெயர் சொல்லமாட்டேன்.”

ஆரணி எழும்பினாள்.

“அம்மா, அது நான் எழுதினது.”

தமிழில்தான் சொன்னாள். பிறகு மற்றவர்களுக்காக நோர்வேஜிய மொழியிலும் சொன்னாள். பிறகு திரும்பவும் என்னிடம்: “அந்த மரத்தையும் நான்தான் கேட்டு எடுத்தனான். ஒருத்தரும் தரேல்லை.”

எனக்கு அப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. “ஆரடி உனக்கு உதெல்லாம் சொல்லித்தந்தது?”

“நீங்கள்தான்” என்றாள்.

நிழல் பக்கம்

வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. தெருவின் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் கட்டடங்களின் நிழல். நான் வழக்கம்போல நிழல் பக்கத்துக்குக் கடந்தேன். திரும்பி அவளைக் கூப்பிட நினைத்தேன். தேவைப்படவில்லை. அவள் எனக்கு முன்னமே அந்தப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

இந்த நாட்டில் ஏழு மாதம் இருட்டு. வெயில் வந்தவுடன் குழந்தைகளைப் பூங்காவில் அவிழ்த்து விடுவார்கள். நான் இவளை யன்னலால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். “ஆரணி, வெயிலுக்கை நிக்காதை, கறுத்துப்போவாய். உள்ளுக்கை வா.” எத்தனை ஆயிரம் தரம் கூப்பிட்டிருப்பேன். இரத்தப் பரிசோதனை செய்த டொக்டர், பிள்ளைக்கு வெயில் போதாது, விற்றமின் குறைவு என்றார். நான் குளிசை வாங்கினேன், மீனெண்ணெய் வாங்கினேன். வெயிலை மட்டும் கொடுக்கவில்லை.

பெரியம்மாவில் எனக்கு எத்தனை வருஷக் கோபம். அம்மா சிரித்ததில் எத்தனை வருஷக் கோபம். அந்தக் கோபத்தைக் கவனமாகப் பொத்திக் கொண்டுவந்து, அதே சொல்லை என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். அன்பு என்று நினைத்துக்கொண்டு. அந்த நோர்வேக்காரர் முன்னால் நான் உரத்து வாசித்தது முழுக்க என்னுடைய சொந்த வாய் சொன்னது. வெட்கப்படவேண்டியவள் நான், கோபப்பட்டதும் நான்.

இதை வாசிக்கும் சில தாய்மார், நாங்கள் அப்படியெல்லாம் இல்லை என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். அதற்கு முன்னர் உங்கள் குளியலறை அலுமாரியைத் திறந்து, அந்தக் கிறீம் குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கால் வாசியுங்கள்.

ஒன்பதாம் பக்கம்

நான் கோபத்தில் எட்டாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து மறுபக்கத்தைத் திருப்பினேன்.

பன்னிரண்டாவது குடியினர் நிழலிலேயே இருப்பார்கள் என்று எழுதியிருந்தது. அரசன் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார்கள். நண்பர் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். யார் அவர்களை நிழலுக்கு அனுப்பினாரோ, அவரே வந்து பெயர் சொல்லி வெயிலுக்குக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் மரம் தனக்குள் வைத்திருக்கும் சொற்களை விடும். பாத்திரத்தின் பெயர்: கூப்பிடுகிறவள். ஆட்கள்: ஒருவர். மற்றப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் நேரே பிள்ளைகளின் பெயர் இருந்தது. இதற்கு நேரே ஒரு கோடு மட்டும்.

தாளைக் கொண்டுபோய் அவள் அறை வாசலில் நின்றேன்.

“இதுக்கு ஆள் கிடைக்கேல்லையோ?”

“தேடேல்லை” என்றாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

“ரெண்டு வருஷமாவோ?”

“ஓம்.”

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் “டாக்” என்றாள். நோர்வேஜிய மொழியில் நன்றி. இதற்கு அவள் எனக்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறதே என்று அன்றிரவு முழுக்கக் கோபம் வந்தது, என்னிலைதான், வேறு ஒருவரிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஸ்டெய்ன்புரு ஏரிக்கு மேலே ஒரு காட்டு வெளி. ஞாயிறு மத்தியானம் பெற்றோர் வந்து சாமான் ஏற்ற உதவ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் காரை நிற்பாட்டிவிட்டு வர, நான் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினேன். மழைக்கு இல்லை. வெயிலுக்கு. பழக்கம் ஒரு கிழமையில் போய்விடுமா?

இங்குன் என்னைக் கண்டு கிட்ட வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “கடைசிக் காட்சி இன்னும் நடக்கவில்லை, கூப்பிடுகிறவளின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நீ விரும்பினால் மட்டும்” என்றாள்.

வெளியில் பதினொரு குடியும் புல்லில் இருந்தார்கள். அழுக்கு முகம், மரவாள், ஓக் மரத்து அரசனின் கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வெளியின் ஓரத்தில் ஸ்புரூஸ் மரங்களின் கீழே ஆரணி தனியே நின்றாள். அவள் கையில் ஒரு கறுத்த தடி. கருங்காலிக்கு எங்கே போவது? பேர்ச் கம்புக்குக் கறுப்புப் பெயின்ற். மூன்று நாளில் இடைக்கிடை உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது.

நான் நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது எனக்கு வேலை மொழி. அதில் எதையும் சொல்லலாம், நோகாது. வெளிக்கு நடுவே போய் நின்றேன். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இவர் மூச்சு வாங்க வந்து நிற்பது கேட்டது.

“ஆரணி” என்று தொடங்கினேன். வாயில் அடுத்ததாக வந்து நின்றது ‘உள்ளுக்கை வா’ தான். விழுங்கினேன்.

“ஆரணி, வெயிலுக்கை வா.”

பதினாறு வருஷத்தில் நான் அந்த வசனத்தைச் சொன்னதில்லை. என் காதுக்கே யாரோ சொன்னமாதிரி இருந்தது.

அவள் அசையவில்லை. தடியை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

“கேக்கேல்லை அம்மா. இன்னொருக்கா சொல்லுங்கோ.”

எங்களுக்கு நடுவே இருபதடி தூரம்கூட இல்லை. காற்றும் இல்லை. குடையைப் புல்லில் போட்டுவிட்டு, உலக்கை என்று என்னைக் கூப்பிட்ட அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அவளுக்கு அதுவும் கேட்கவில்லையாம். மூன்றாம் தரமும் சொன்னேன்.